பாடசாலையில் மதபோதனையும் பௌத்தர் கடமையும்

ஒரு குழந்தையை நோக்கி, "உன் மதம் யாது?" என்று வினவினால், அக்குழந்தை கூறும் விடை அதன் பெற்றோருக்கு நடக்கும் பரீட்சையாகும். இவ்வுண்மையை நாம் மாதேஸ்வரன் மலையில் ஒரு சிறுமியின் வாயிலாகக் கற்றோம். கற்றதனை மறைக்காமல் இங்கு எழுதுகின்றோம்.

மாதேஸ்வரன் மலை இன்று கர்நாடக மாநிலத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியது. 1997-ஆம் ஆண்டுக்கு முன் அது மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில், அம்மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பாலாற்றைக் கடந்தால் கொளத்தூர், அதற்கப்பால் மேட்டூர். ஆதலின் அம்மலைப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உள்ளன. வீட்டில் தமிழ், பாடசாலையில் கன்னடம் என்பது அக்குழந்தைகளின் வாழ்க்கை.

ஏழாண்டுகளுக்கு முன் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற சில குடும்பங்களைக் காண நாம் சென்ற கார்த்திகையில் அங்குச் சென்றிருந்தோம். கேழ்வரகு பயிரிட்டும் கூலி வேலை செய்தும் வாழும் ஓர் அன்பர் நம்மிடம் முறையிட்டார்: "ஐயா, எம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சாமி கும்பிட வைக்கிறார்கள். சரஸ்வதி பூசைக்குக் காசு கேட்கிறார்கள். மேலதிகாரிக்கு நீங்கள் ஒரு மனு எழுதித் தர வேண்டும்." நாமும் சினங்கொண்டு காகிதத்தை எடுத்தோம். எழுதுமுன் நான்காம் வகுப்பில் படிக்கும் அவர் மகளை அழைத்து, "கண்ணு, உன் மதம் என்னவென்று யாரேனும் கேட்டால் நீ என்ன சொல்வாய்?" என்றோம்.

"நாங்கள் சாமி கும்பிடாதவர்கள் என்று சொல்வேன், ஐயா."

"வேறு என்ன சொல்வாய்?"

"வேறு ஒன்றும் தெரியாதே, ஐயா."

நம் கையிலிருந்த காகிதம் வெறுமையாகவே இருந்தது. மறுநாள் அத்தந்தையுடன் பாடசாலைக்குச் சென்றோம். ஆசிரியை நம்மை மரியாதையுடன் அமரச் செய்து, சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். சிறுமியின் பெயருக்கு நேரே, மதம் என்னும் கட்டத்தில் 'இந்து' என்றிருந்தது. கீழே தந்தையின் கையொப்பம். "நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தானே நான் அறிவேன்?" என்றார் அந்த அம்மையார். தந்தை தலைகுனிந்தார். அவரைக் காட்டிலும் நாம் தலைகுனிந்தோம். ஏழாண்டுகளில் அவ்வீட்டிற்குப் பலமுறை சென்று உபதேசம் செய்தவர்கள் நாம். அக்குழந்தையிடம் ஒரு நாழிகை அமர்ந்து பேசினோமல்லோம்.

சட்டம் கூறுவது யாது?

முதற்கண் நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வோம். அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்து மூன்று பகுதிகளை உடையது. முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடைபெறும் எந்தப் பாடசாலையிலும் மதபோதனை செய்யலாகாது என்பது முதற்பகுதி. ஓர் அறக்கட்டளையால் மதபோதனைக்கென்றே நிறுவப்பெற்று, பின்னர் அரசாங்கத்தால் நிர்வகிக்கப்படும் பாடசாலைக்கு அத்தடை இல்லை என்பது இரண்டாம் பகுதி. அரசாங்க அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பாடசாலை எதிலும், ஒரு மாணவர் தம் சம்மதமின்றி, சிறுவராயின் தம் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதமின்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்பது மூன்றாம் பகுதி.

பெற்றோர்க்கு மிகவும் பயன்படுவது இம்மூன்றாம் பகுதியே. ஆயினும் சட்டம் தானாக எழுந்து நடந்து வாராது. சம்மதம் இல்லையென்பதைப் பெற்றோர் வாய்திறந்து கூறவேண்டும்.

அரசியல் நிர்ணய சபையில் இவ்விதி 1948-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் விவாதிக்கப்பட்டது. அரசாங்கப் பாடசாலையில் மதபோதனை கூடாதென்பதற்கு டாக்டர் அம்பேத்கர் அன்று மூன்று காரணங்கள் கூறினார். ஒரு மதத்தின் வளர்ச்சிக்கென எவரையும் வரி செலுத்தும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று வேறொரு விதி கூறும்பொழுது, பொதுப் பணத்தைக் கொண்டு ஒரு மதத்தைக் கற்பித்தல் அதற்கு முரணாகும் என்பது முதற் காரணம். இந்நாட்டில் மதங்கள் பல. ஒவ்வொரு வகுப்பாருக்கும் அவரவர் மதத்தை ஒவ்வொரு பாடசாலையிலும் போதித்தல் இயலாது என்பது இரண்டாவது. ஒவ்வொரு மதமும் தன் வழியே விடுதலைக்குரிய ஒரே வழி என்று கூறுவதால், அப்பூசல் பாடசாலைக்குள் புகுந்து அதன் அமைதியைக் கெடுக்கும் என்பது மூன்றாவது. எட்டாண்டுகளுக்குப் பின், 1956 அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தர்மதீட்சை பெற்றவர் அவர். தாம் தழுவிய பௌத்தமும் பாடசாலைப் பாடமாக வேண்டும் என்று விதிவிலக்குக் கேட்டாரில்லை.

மதபோதனை வேறு, மதங்களைப் பற்றிய அறிவு வேறு

பாடசாலையில் மதம் என்ற சொல்லே எழலாகாது என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், நாள்தோறும் சில நிமிட மௌனத் தியானத்துடன் வகுப்புக்கள் தொடங்க வேண்டுமென்றும், கல்லூரி முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், சாக்ரடீஸ், இயேசு, முகமது நபி, கபீர், நானக் முதலிய பெரியோரின் வரலாறுகளைக் கற்பிக்க வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கமிஷன், ஒரு மதத்தைப் போதித்தல் வேறு, மதங்களைப் பற்றி அறிவித்தல் வேறு என்று பிரித்துக் காட்டியது. 1971-இல் பஞ்சாப் வழக்கொன்றில், குருநானக்கின் வாழ்வையும் உபதேசத்தையும் ஆராய்ந்து கற்பது மதபோதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2002-ஆம் ஆண்டில் தேசியப் பாடத்திட்டத்தைப் பற்றிய வழக்கிலும் இவ்வேறுபாட்டையே அது ஏற்றது.

இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலையைக் கற்றோர் அறிவர். வஞ்சி நகரில் மணிமேகலை வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதியர் ஆகியோரிடம் சென்று, "நும் கொள்கை யாது?" என்று கேட்டு அறிந்தாள். அஃது அறிவு. பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்டு, அதனை ஏற்று நோன்பு மேற்கொண்டாள். அது போதனை. முன்னது ஊர்ப்பொதுவில் நடந்தது. பின்னது தான் தேடிச் சென்ற ஆசிரியரிடம் நடந்தது. பாடசாலை வஞ்சி நகராக இருக்கட்டும். காஞ்சி நம் வீட்டிலும் விகாரத்திலும் அமைய வேண்டும்.

ஆயின் இன்று நடப்பது எங்ஙனம்? சட்டம் ஒருபுறம் இருக்க, வழக்கம் வேறொருபுறம் செல்கின்றது. காலைப் பிரார்த்தனை, பூசை நாட்கள், வகுப்பறைப் படங்கள் என்னும் இவற்றின் வழியாகப் பெரும்பான்மையோரின் மதம் போதனை என்ற பெயர் இல்லாமலே குழந்தைகளின் மனத்தில் பதிகின்றது. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குஜராத் அரசாங்கம் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புக்களில் பகவத்கீதையைப் பாடத்தில் சேர்ப்பதாக அறிவித்தது. அதனைத் தொடர்ந்து கர்நாடகத்திலும் அத்தகைய பேச்சு எழுந்தது. ஒரு நூலை எல்லா நூல்களுடனும் வைத்துக் கற்பித்தால் அஃது அறிவு. அதனை மட்டும் உயரத்தில் வைத்து ஓதச் செய்தால் அது போதனை. இதனை எடுத்துக் கூறுதல் குடிமக்களாகிய நம் உரிமை.

நம் தர்மத்தையும் பாடமாகக் கேட்கலாமா?

"அவர்கள் நூலைச் சேர்த்தால், நம் தம்மபதத்தையும் சேர்க்கும்படி கேட்போம்" என்று அன்பர் சிலர் நம்மிடம் வாதிக்கின்றனர். ஆத்திரத்தில் பிறந்த இவ்வாதத்தைச் சற்று ஆராய்வோம்.

இலங்கையில் மதம் பாடசாலைப் பாடங்களுள் ஒன்று. பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகிய மாணவர் அவரவர் மதத்தைக் கற்று, சாதாரணதரப் பரீட்சையிலும் எழுதுகின்றனர். ஆயினும் அங்குள்ள பௌத்தர்கள் அதனோடு அமையவில்லை. ஞாயிறுதோறும் விகாரங்களில் அறநெறிப் பாடசாலைகளை நடத்துகின்றனர். பரீட்சைக்காகப் படித்தது பரீட்சையோடு மறக்கும் என்பதை அவர்கள் அறிவர் போலும்.

சிங்கப்பூரில் 1984-இல் உயர்நிலைப் பாடசாலைகளின் மேல் வகுப்புக்களுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாக்கப்பட்டது. பௌத்தம், விவிலியம், இஸ்லாம், இந்து சமயம், சீக்கியம், கன்பூசியஸ் நீதி ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாண்டுகள் சென்றபின், அப்பாடம் மதவேற்றுமை உணர்ச்சியை மிகுவிக்கின்றதென்று கண்டு, 1989-இல் அரசாங்கமே அக்கட்டாயத்தை நீக்க முடிவுசெய்தது. பௌத்தர் பெருந்தொகையினராக வாழும் நாட்டின் அனுபவம் இது. நம் நாட்டில் நாம் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பாடசாலைக்குள் மதங்களின் போட்டியைத் திறந்துவிட்டால் அதில் நசுங்குபவர் யாவர் என்பதை நாமே கூறவேண்டுவதில்லை.

மேலும், நம் முன்னோர் அரசாங்கத்தை எதிர்பார்த்தாரில்லை. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் தென்னிந்தியாவில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார். 1907-இல் பத்திரிகை தொடங்கி, காலணா விலையில், அதாவது ஒரு பைசாவிற்கு, வாரந்தோறும் தர்மத்தை வீட்டுவாயிலில் கொண்டுபோய் வைத்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி உழைத்த தமிழர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கக் கிளைகளை நடத்தினர். அவர்களுக்கு எந்தக் கல்வி இலாகா பாடநூல் அச்சிட்டுக் கொடுத்தது?

நாமும் ஏழாம் வகுப்போடு நின்று பஞ்சாலைக்குச் சென்றவர்களே. தர்மத்தை எந்தப் பாடசாலையும் நமக்குக் கற்பிக்கவில்லை. இரவு ஷிப்டு முடிந்தபின், முதிய தொழிலாளர் ஒருவர் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்து, தலைமயிரில் பஞ்சு படிந்திருக்க, நாளுக்கு ஒரு பக்கமாக நமக்கு வாசித்துப் பொருள் கூறினார். அவர் ஒரு பக்கம் படித்தால் ஒரு கேள்வி கேட்பார். விடை கூறாமல் எழ விடமாட்டார். நம் கல்வி அவ்வளவே.

பகவான் குழந்தைக்குக் கற்பித்த முறை

குழந்தைக்குத் தர்மத்தைக் கற்பிப்பது எங்ஙனம் என்பதற்குப் பகவானே வழிகாட்டியுள்ளார். மஜ்ஜிம நிகாயத்தில் அம்பலட்டிகை என்னுமிடத்தில் இராகுலருக்கு அவர் செய்த உபதேசம் உள்ளது. அப்பொழுது இராகுலர் ஏழு வயதுப் பாலகர் என்பர் உரையாசிரியர்.

பகவான் வருவதைக் கண்ட இராகுலர் ஆசனமிட்டுக் கால் கழுவ நீர் வைத்தார். பகவான் கால் கழுவியபின் பாத்திரத்தில் சிறிது நீரை மீதி வைத்து, அதனைக் காட்டி, அறிந்தே பொய் கூற நாணாதவரின் துறவு இவ்வளவு சிறிதே என்றார். பின் அந்நீரைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். அதன்பின், "கண்ணாடி எதற்கு உதவும்?" என்று கேட்டார். "பார்ப்பதற்கு" என்றார் இராகுலர். அவ்வாறே, உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்யும் ஒவ்வொரு செயலையும், செய்யுமுன்னும், செய்யும்பொழுதும், செய்தபின்னும், இது எனக்குத் துன்பம் தருமோ, பிறர்க்குத் துன்பம் தருமோ என்று பார்த்துக்கொள் என்றார்.

அன்பர்களே, இவ்வுபதேசத்தில் எவ்வளவு சாமான்கள் வேண்டியிருந்தன? ஒரு பாத்திரம், சிறிது தண்ணீர். இவை இல்லாத குடிசை எது? மேலும், இதில் பிற மதத்தைப் பற்றிய ஒரு சொல்லேனும் இருக்கின்றதா? "நாம் இன்னாரைக் கும்பிடாதவர்" என்று பகவான் தம் மகனுக்குக் கற்பிக்கவில்லை. "பொய் கூறாதே, செயலைப் பார்த்துச் செய்" என்றே கற்பித்தார்.

இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் ஈர உடையுடன் ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். ஏன் வணங்குகின்றாய் என்று பகவான் கேட்க, இறக்கும்பொழுது தந்தை கூறிய சொல் என்றான். பொருள் அவனுக்குத் தெரியாது. பகவான் அவனை இகழவில்லை. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர் என்று ஒவ்வொரு திசைக்கும் பொருள் கூறி, அவரவர்க்குரிய கடமைகளை விளக்கினார். தீமையினின்று விலக்குதலும் நன்மையில் நிறுத்துதலும் பெற்றோர் கடமைகளுள் முதலிரண்டு என்றார். பொருள் தெரியாமல் வணங்கிய சிகாலனுக்கும், பொருள் தெரியாமல் வணங்க மறுக்கும் நம் சிறுமிக்கும் வேறுபாடு யாது?

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, பாடசாலையில் சேர்க்கும்பொழுதே மதம் என்னுமிடத்தில் 'பௌத்தம்' என்று எழுதுங்கள். சலுகை போய்விடும் என்னும் அச்சத்தினாலேயே அத்தந்தை வேறாக எழுதினார். பட்டியல் வகுப்பினர் பௌத்தரானாலும் பட்டியல் வகுப்பினராகவே கருதப்படுவர் என்று 1990-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் திருத்தியுள்ளது. உள்ளூர் அலுவலகத்தில் ஒருவர் அறியாமல் மறுத்துக் கூறினால், அச்சட்டத்தின் ஆண்டை எடுத்துக் கூறுங்கள்.

இரண்டாவது, வழிபாட்டில் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதமில்லையெனில், தலைமை ஆசிரியருக்குப் பணிவுடன் எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளை ஏனையோருடன் மரியாதையாக எழுந்து மௌனமாக நிற்கட்டும். கேரளத்தில் தேசிய கீதத்தின்பொழுது எழுந்து நின்றும் மதநம்பிக்கையால் பாடாதிருந்த மூன்று குழந்தைகள் 1985-இல் பாடசாலையினின்று நீக்கப்பட்டனர். அவர்கள் பௌத்தர் அல்லர். கிறிஸ்தவருள் ஒரு சிறு பிரிவினர். நீக்கியது தவறென்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரியாதையும் மனச்சான்றும் ஒருங்கே நிற்க இயலும் என்பதற்கு அத்தீர்ப்புச் சான்று.

மூன்றாவது, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஐந்து குழந்தைகள், ஒரு திண்ணை. இதுவே நம் பாடசாலை. நாம் கொண்டுசென்ற தமிழ் நூல்களை மலைக் குழந்தைகளால் வாசிக்க இயலவில்லை. அவர்கள் அறிந்த எழுத்துக் கன்னடம். ஆதலின் ஜாதகக் கதைகளை வாயால் கூறுங்கள். பஞ்சசீலத்தைத் தமிழ்ச் சொற்களிலேயே கன்னட எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அம்மலையில் கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு மாதேஸ்வரர் கதையை இரவெல்லாம் பாடுகின்றனர். சிரவணன் என்னும் அசுரனை அடக்கியதும், சங்கம்மையின் துயரமும் அங்குள்ள சிறுவர் யாவர்க்கும் தெரியும். பாடுவோர் பலர் எழுத்தறியாதவர். அக்கதையை வளர்த்தது பாடநூலன்று, பாடியவர் தொண்டையே.

நான்காவது, அண்டை வீட்டாரின் தெய்வத்தை இகழக் கற்பியாதீர்கள். மறுப்பை மட்டும் கற்ற குழந்தை ஒருநாள் மறுப்பையும் மறந்துவிடும்.

ஐந்தாவது, இரவு உறங்குமுன் இராகுலர் கண்ணாடியைக் குழந்தையின் முன் வையுங்கள். "இன்று உன் செயலால் யார்க்கேனும் துன்பம் வந்ததா?" என்று கேளுங்கள். பின்னர் அதே கேள்வியைக் குழந்தை உங்களைக் கேட்க அனுமதியுங்கள். இதுவே கடினமான பாடம்.

நாம் மலையினின்று இறங்குமுன் மனு எழுதினோம். அது மேலதிகாரிக்கு அன்று, அந்த ஆசிரியைக்கே. தம் மகள் பிரார்த்தனை நேரத்தில் மௌனமாக நிற்க விரும்புகின்றார் என்று இரண்டு வரிகள். தந்தை கையொப்பமிட்டார். ஆசிரியை வாசித்து, அப்படியே செய்வதாகக் கூறினார்.

வழியனுப்ப வந்த சிறுமி நம்மை ஒரு கேள்வி கேட்டாள்: "என் கூட்டாளி கோயில் லட்டு கொடுத்தால் வாங்கலாமா, ஐயா?" நாம் சற்று நேரம் நின்றுவிட்டோம். "உன் கூட்டாளி உனக்கு அன்பைத் தருகிறாள், கண்ணு. வாங்கிக்கொள், பாதியை அவளுக்கே கொடு" என்றோம். இவ்விடையை அன்பர் சிலர் ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவோம். அவர்கள் எழுதட்டும், கேட்டுத் திருந்துவோம். ஆயினும், "வேறு ஒன்றும் தெரியாதே" என்று கூறிய குழந்தை ஒரு நாளில் கேள்வி கேட்கத் தொடங்கியதே, அதுவே நமக்குப் போதும்.

உங்கள் வீட்டுக் குழந்தையை இன்றிரவே வினவுங்கள்: "நம் மதம் யாது?" விடை எதுவாயினும் குழந்தையைக் கடியாதீர்கள்.

புத்தர் அருளிய நல்லறம் வீடுதோறும் விளங்குக! எல்லா உயிர்களும் நலம் பெறுக!